தாய்மாமன் இடத்தில் விரித்திருந்த துருக்கிக் கம்பளம்

பூனா, கேம்ப்
ஆனி மாதம், விடாத மழை

மதிப்பிற்குரிய மச்சான் வெங்கடேஸ்வரன் அவர்களுக்கு,

வாசுதேவன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே மழை சௌக்கியம், நாங்கள்தான் தும்மிக்கொண்டிருக்கிறோம். கோயமுத்தூரில் நீங்களும் வீட்டில் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும், உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்க வேண்டும், கோபம் அதைவிடக் குறைந்திருக்க வேண்டும் என்று மருதமலை முருகனை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பீர்கள். என் போனை நீங்கள் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. என்னைப் பிளாக் செய்திருக்கிறீர்கள் என்பது எனக்கும் தெரியும். ரமா பேசினால் மட்டும் எடுத்து, என் பெயர் வந்ததும் வைத்துவிடுகிறீர்கள். எனவே கூரியரில் அனுப்புகிறேன். கூரியர்க்காரனுக்குக் கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும், பிரிக்காமல் போட உங்களுக்கு மனசு வராது.

விஷயத்துக்கு வருகிறேன். என் தம்பி கோகுல்நாத்துக்கும் உங்கள் தங்கை ரமாவுக்கும் பிறந்த ஒரே பெண் பார்கவி. வைகாசியில் நடந்த அவள் நிச்சயதார்த்த வீடியோவைப் பார்த்தீர்கள். தாய்மாமன் உட்கார வேண்டிய இடத்தில், தாய்மாமன் மாலையைப் போட்டுக்கொண்டு, பெரியப்பன்காரனாகிய நான் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தீர்கள். உடனே ரமாவைக் கூப்பிட்டு, “பங்காளி வந்து மாமன் எடத்துல உக்காந்துட்டான். இனி அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன். ஆவணியில கல்யாணத்தையும் அவனே மாமனா இருந்து நடத்திக்கட்டும்” என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அன்று முதல் ரமா குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போடுகிறாள். பார்கவி ஒரு படி மேலே போய், “மாமா வந்து மாலை எடுத்துக் குடுக்காம நான் மணவறை ஏறமாட்டேன்” என்று கராடியில் இருக்கும் தன் ஆபீஸிலிருந்தே தகவல் அனுப்பிவிட்டாள். மண்டபம் பிடித்தாயிற்று, சமையல்காரர் சொல்லியாயிற்று, மாப்பிள்ளை ஹர்ஷா வீட்டில் பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. நீங்கள் ஒருவர் வராவிட்டால் இத்தனையும் நின்றுபோகும். அந்தப் பழி என் தலையில்.

நான் உட்கார்ந்தது உங்கள் இடத்தில் அல்ல மச்சான். என் கம்பளத்தின் மேல். இதை விளக்கத்தான் இவ்வளவு காகிதம்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பவானியிலிருந்து ஒரு மூட்டை ஜமக்காளத்தோடு ரயிலேறி வந்து, கேம்ப் தெருக்களில் தோளில் போட்டு விற்று, அப்புறம் ஒண்டுக் கடை, அப்புறம் சொந்தக் கடை என்று ஆனவன். ஜமக்காளம், கரூர் பெட்ஷீட், துண்டு, கால்மிதி, இவ்வளவுதான் என் உலகம். வாங்கின சரக்கு அடுத்த தீபாவளிவரை அலமாரியில் இருந்தால் எனக்கு ஜுரம் வரும். அப்படிப்பட்டவன் துருக்கிக் கம்பளம் சேர்க்கிற பைத்தியமானது ஒரு பங்களாவைக் காலி செய்த அன்று. கேம்பில் ஒரு பழைய பார்சிக் குடும்பம் வீட்டை விற்றுவிட்டு வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போவதாக இருந்தது, திரைச்சீலை மெத்தையுறை எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கூப்பிட்டார்கள், போனேன். இரும்புக் கட்டிலுக்கு அடியில் ஒன்று சுருட்டிக் கிடந்தது. விரித்துப் பார்த்தால் நம் பவானி ஜமக்காளத்துக்குச் சாமி வந்த மாதிரி இருக்கிறது. ஒழுங்காகக் கோடு கோடாகப் போக வேண்டியது கொக்கியும் கொம்பும் நட்சத்திரமுமாக ஆடுகிறது. சிவப்பு, மாதுளையைப் பிளந்த சிவப்பு. நீலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதியில் சாயம் தீர்ந்து வேறொரு நீலம் தொடங்குகிறது. மெத்தையுறையை மறந்துவிட்டு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தேன்.

கேம்பிலேயே கம்பளக் கடை வைத்திருக்கிற முகமது ரஃபீக்கிடம் காட்டினேன். நம் ஆம்பூர்க்காரர், தமிழில் பேச ஆள் கிடைத்தால் கடையைச் சாத்திவிட்டுப் பேசுவார். அவர் கம்பளத்தின் முகத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பிப் போட்டு முதுகைப் பார்த்தார், ஈரக் கைக்குட்டையால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்தார், கடைசியில் மோந்தும் பார்த்தார். “சேட், இது கிலிம். துருக்கி மலைக்காட்டுப் பொம்பளைங்க ஆட்டு ரோமத்துல கையால நெய்யறது. உங்க தாத்தாவுக்குக் கல்யாணமாகறதுக்கு முந்தியே நெய்ஞ்சிருப்பாங்க. பேசாம எங்கிட்டக் குடுத்துடுங்க” என்றார். ஒரு வியாபாரி ‘குடுத்துடுங்க’ என்று சொன்னால் இன்னொரு வியாபாரிக்குப் புத்தி வேலை செய்ய வேண்டும். எனக்கு ஆசை வேலை செய்துவிட்டது. “நீலம் பாதியில மாறியிருக்குதே பாய், டேமேஜ்தானுங்களே?” என்றேன். “அதனாலதான் சேட் மதிப்பே!” என்றார். என் கடை பெட்ஷீட் இப்படிப் பாதியில் நிறம் மாறியிருந்தால் கஸ்டமர் அதை என் மூஞ்சியில் எறிந்திருப்பார். நான் முப்பது வருஷமாகப் பயந்துகொண்டிருந்த குற்றமெல்லாம் இந்தத் தொழிலில் பெருமை. ஓட்டை இருந்தால் பெருமை, ஒட்டுப் போட்டிருந்தால் பெருமை, ஓரம் கோணலாக இருந்தால் இன்னும் பெருமை. இப்படி ஒரு சரக்கு உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஒரு மனுஷன் சும்மா இருக்க முடியுமா?

இருக்கவில்லை. பம்பாயில் ஏலம் என்றால் ஓடினேன், ஹைதராபாத்தில் ஒரு பழைய மாளிகையைப் பிரிக்கிறார்கள் என்றால் ஓடினேன். ஒன்றுக்குத் துணையாக இன்னொன்று வாங்கினேன், அந்த இரண்டுக்கும் பேச்சுத்துணையாக மூன்றாவது. வாங்கினதில் ஒன்றைக்கூட விற்கவில்லை. பார்கவியைப் பெண் பார்க்க ஹர்ஷா வீட்டார் வந்த அன்றுகூட நான் ஜெய்ப்பூரில் ஒரு கம்பளத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோகுல்நாத் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறான். வேண்டியவர்கள் வீட்டுக்குப் போனால் என்னையறியாமல் குனிந்து தரைவிரிப்பின் ஓரத்தைப் புரட்டிவிடுகிறேன் என்று புகார் இருக்கிறது, உண்மைதான். தம்பி குடியிருக்கும் சாங்வியில் ஒரு வீட்டில் நான் வருகிறேன் என்று தெரிந்ததும் கால்மிதியை உள்ளே எடுத்து வைக்கிறார்களாம். என் கனகவல்லியோ, “ஏனுங்க, ஊருக்கெல்லாம் விரிச்சு விரிச்சு வித்தீங்க, நம்மூட்டுல மட்டும் சுருட்டி வெச்சுக் கும்பிடறீங்க. படுக்க ஒரு பாய் இருக்குதா இந்த ஊட்டுல?” என்கிறாள். வேப்பிலை போட்டு வைக்கிறேன், பூச்சி வராமல் இருக்க. “எனக்கு அம்மை போட்டப்பக்கூட இத்தனை வேப்பிலை பறிக்கலை நீங்க” என்பாள். அதுவும் உண்மைதான்.

இப்போது நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். பூனாவில் நம்மவர்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் ஜமக்காளம் என் கடையிலிருந்துதான் போகும். வாடகை கிடையாது, குழம்பு சிந்தாமல் திருப்பித் தர வேண்டும், அவ்வளவே. பார்கவி விசேஷத்துக்கும் கனகவல்லி விடியற்காலையிலேயே ஒரு டெம்போவில் மூட்டையை ஏற்றிக்கொண்டு சாங்விக்குப் போய்விட்டாள். நான் குளித்து, பட்டு வேட்டி கட்டி, கிளம்புவதற்கு முன் வழக்கம்போல அந்த முதல் கிலிமை ஒரு தரம் தடவிவிட்டுப் போகலாம் என்று பீரோவைத் திறந்தால், வேப்பிலை இருக்கிறது, கிலிம் இல்லை. கனகவல்லிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், யாரோ எடுத்து, “அத்தை கோலம் போட்டுட்டு இருக்காங்க” என்று வைத்துவிட்டார்கள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜமக்காள மூட்டையோடு என் துருக்கிக் கிலிமும் ஏறிப் போய், அதன்மேல் இந்நேரம் யாராவது மஞ்சள் தண்ணீரைக் கொட்டியிருப்பார்கள்.

ஆட்டோவில் பாய்ந்தேன். நான் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு ஆட்டோக்காரர், “காய் ஜாலா காகா? ஹாஸ்பிடல்?” என்று, என்ன ஆச்சு பெரியவரே என்கிற பொருளில், மராட்டியில் விசாரித்தார். “அதுக்கும் மேலப்பா” என்று தமிழில் சொன்னேன். புரிந்துகொண்டு மிதித்தார். சாங்வியில் சொசைட்டி ஹாலுக்குள் நுழைந்ததும் முதலில் தரையைத்தான் பார்த்தேன். ஹால் முழுக்க என் பவானி ஜமக்காளம். அவற்றுக்கெல்லாம் மேலே, நட்டநடுவே, இரண்டு பக்கத்துத் தாய்மாமன்களும் உட்காரும் இடத்தில், அதே சிவப்பு, அதே நீலம், அதே கொக்கி. அதன்மேல் எண்ணெய் தளும்ப ஒரு குத்துவிளக்கு. சந்தனக் கிண்ணம் ஓரமாகச் சாய்ந்து நிற்கிறது. ஆரத்தித் தட்டை ஏந்திக்கொண்டு ஒரு அம்மாள் யாரோடோ பேசியபடியே பின்பக்கமாக நடந்து வருகிறார், இன்னும் ஒரு அடி வைத்தால் ஆரத்தி நீர் முழுவதும் கம்பளத்தின்மேல்தான். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அங்கே ஒரு ஆள் உட்கார இடம் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. மீதி எல்லாம் எனக்குச் செய்யப்பட்டது. ஸ்வாமிநாத சாஸ்திரிகளுக்குப் பிம்ப்ரியில் இன்னொரு முகூர்த்தம் காத்திருந்தது. “வந்துட்டேளா! பொண்ணோட தாய்மாமா எங்கேன்னு தொண்டை வத்தக் கேட்டாச்சு. நேரம் போயிண்டிருக்கு” என்றார். “நான் மாமன் இல்லீங்க சாமி, கம்பளத்துக்காக…” என்றேன். “கம்பளத்துல நன்னாவே உக்காந்திருக்கேள். வலது கையை நீட்டுங்கோ” என்று பவித்திரத்தை மாட்டிவிட்டார். நாதஸ்வரத்தை ப்ளூடூத்தில் அலறவிட்டிருந்தார்கள், நான் சொன்ன விளக்கம் எனக்கே கேட்கவில்லை. பின்னாலிருந்து யாரோ மாலையைப் போட்டார்கள். நிமிர்ந்து பார்ப்பதற்குள் படம் எடுத்தாகிவிட்டது.

நீங்கள் ரமாவிடம் சொன்ன குற்றச்சாட்டுகளை அவள் அப்படியே என்னிடம் ஒப்பித்திருக்கிறாள், பதில் சொல்கிறேன். “மாமன் எடத்துல உக்காந்து வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு மரியாதை வாங்கிக்கிறான்” என்றீர்களாம். அது மரியாதை அல்ல மச்சான், எண்ணெய். அந்தக் குத்துவிளக்கு ஒரு பக்கமாகச் சொட்டிக்கொண்டிருந்தது, நான் குனிந்து குனிந்து என் அங்கவஸ்திரத்தால் ஏந்திக்கொண்டிருந்தேன். அந்தச் சமயம் பார்த்து எதிரே பெரியவர்கள் வந்து நின்றதற்கு நான் என்ன செய்ய? “சம்பந்தி வீட்டு மாமனோட கையைக் கோத்துக்கிட்டு ஏதோ கூடப்பொறந்தவன் மாதிரி உக்காந்திருக்கறான்” என்றீர்களாம். அவர் அச்சுதன், ஹர்ஷாவின் தாய்மாமன், சென்னைக்காரர், நல்ல ஆகிருதி. கம்பளத்தின் மறுமுனையில் உட்கார்ந்தார். பதற்றம் வந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது போலிருக்கிறது, ஓரத்துக் குஞ்சத்தைப் பிடித்துத் திரித்துத் திரித்து ஒவ்வொரு நூலாக உருவ ஆரம்பித்தார். “அது தாத்தா காலத்து நூலுங்க” என்று சொன்னால் கேட்கிற மனுஷனாகத் தெரியவில்லை. கையைப் பிடித்தேன். விட்டால் கை மறுபடி குஞ்சத்துக்குப் போகிறது, அதனால் விடவில்லை. வீடியோக்காரன் அதை ஸ்லோ மோஷனில் வைத்து, பின்னணியில் பாட்டும் போட்டுவிட்டான்.

“பந்தியிலயும் மொத எலையில அவந்தான்” என்று சொன்னீர்களாம். அதற்கு மட்டும் கம்பளத்தைக் காரணம் சொல்ல மாட்டேன். அது பசி. காலையில் காப்பிகூடக் குடிக்காமல் ஓடிவந்தவன்.

தாய்மாமனுக்கென்று எடுத்து வைத்த வேட்டி சட்டையை நான் பிரிக்கவில்லை. உங்கள் உடம்புக்கு எடுத்த சட்டை, எனக்குப் போட்டால் கொடியில் காய்கிற மாதிரி இருக்கும். கடையில் பூட்டி வைத்திருக்கிறேன்.

மச்சான், நான் வியாபாரி, சரக்கில் உள்ள குறையை மறைத்து விற்றதில்லை, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். தப்பு முதலில் எங்கள் பக்கம்தான். கூடப்பிறந்தவளின் ஒரே மகளுக்கு நிச்சயம் என்றால், தட்டில் வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு வந்து கூப்பிட வேண்டும். என் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பி, கீழே ஒரு கும்பிடு பொம்மையும் போட்டிருக்கிறான். “என்னைக் கூப்பிட வந்தவன் யாரு, செல்போனா?” என்று நீங்கள் கேட்டது நியாயம். அவனைக் கடைக்குக் கூப்பிட்டு, கஸ்டமர் முன்னாலேயே திட்டினேன். “அண்ணா, ஆபீஸ்ல லீவு கெடைக்கல” என்றான். “மாமனுக்கு லீவு போடாதவன் மகளுக்குக் கல்யாணம் எதுக்குடா பண்றே?” என்றேன். கஸ்டமர்கூடத் தலையாட்டினார், அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நீங்களும் கொஞ்சம் இறங்கியிருக்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பை ஏற்க மாட்டேன் என்றவர், வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கோகுல்நாத்தும் ரமாவும் தாம்பூலத் தட்டோடு உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். டிக்கெட் நானே எடுத்துவிட்டேன், என் தம்பியை நம்பி விடவில்லை. கதவைத் திறங்கள். திட்ட வேண்டுமென்றால் உள்ளே உட்கார வைத்துத் திட்டுங்கள். ஆவணிக் கல்யாணத்தில் உங்கள் இடத்தில் வெறும் பவானி ஜமக்காளம்தான் விரிக்க வேண்டும் என்று மண்டபக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கம்பளம் இருக்காது. எனவே நான் அந்தப் பக்கம் வருவதற்கு ஒரு காரணமும் இருக்காது.

கனகவல்லி உங்கள் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசி, உங்களுக்கு எது பொருந்துமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு ஒரு தைலம் இத்துடன் வைத்திருக்கிறேன், கூரியர்க்காரன் உடைக்காமல் இருந்தால் தேய்த்துக்கொள்ளவும்.

என்றும் உங்கள் அன்பை வேண்டும்,
வாசுதேவன்

பி.கு.: இதுவரை எழுதியதை வீட்டில் எல்லார் முன்னாலும் சத்தமாக வாசியுங்கள். சிரிப்பார்கள். “இந்தக் கம்பளப் பைத்தியத்தோட நமக்கென்ன கோபம்” என்று சொல்லிக்கொண்டு நீங்கள் கௌரவமாக ரயிலேறலாம். அதற்காகத்தான் எழுதினேன். இந்தக் கடைசித் தாளை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

அந்தக் கம்பளம் என்னுடையது அல்ல. என்னுடையதைக் கனகவல்லி முந்தின நாள் மொட்டைமாடியில் வெயிலுக்குப் போட்டுவிட்டு எடுக்க மறந்திருக்கிறாள். இது ரமா ஆன்லைனில் வரவழைத்தது. துணிமேல் மெஷின் அச்சு, முதுகில் ரப்பர், குஞ்சம் பசை போட்டு ஒட்டினது. தூரத்திலிருந்துதான் ஏமாந்தேன். உட்கார்ந்து உள்ளங்கை வைத்ததுமே தெரிந்துவிட்டது, இத்தனை வருஷம் துணியைத் தொட்டுச் சோறு தின்னவனுக்கு அதுகூடத் தெரியாதா? எழுந்திருப்பதற்காக ஒரு காலை ஊன்றினேன். பக்கத்தில் பார்கவி. குனிந்த தலையை நிமிர்த்தாமல், “பெரியப்பா, எந்திரிச்சிராதீங்க. மாமா எங்கேன்னு ஹர்ஷா வீட்டுல கேட்டுட்டே இருக்காங்க. வந்துட்டே இருக்காருன்னு நான் சொல்லி வெச்சிருக்கேன்” என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் வாசலைத்தான் பார்த்தாள். ஊன்றின காலை மடக்கிக்கொண்டேன்.

விளக்கு சொட்டவில்லை. நான் குனிந்தது கும்பிடத்தான், உங்கள் பேரில். அச்சுதன் குஞ்சத்தைத் தொடவே இல்லை. என் காதருகே வந்து, “பொண்ணோட மாமா வரலியா சார்? ஏதாவது மனஸ்தாபமா?” என்று தணிந்த குரலில் கேட்டார். பெண் பார்த்த அன்று நான் ஜெய்ப்பூரில் இருந்த புண்ணியத்தில் அவர்கள் யாரும் என் முகத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “நாந்தானுங்க மாமன். கோயமுத்தூர் வெங்கடேஸ்வரன்” என்று சொல்லிவிட்டேன். அப்புறம் கையை விட்டால் வேறு யாரிடமாவது போய் விசாரிப்பாரோ என்று பயம், விடவில்லை. உங்கள் உத்தியோகம், உடம்பு, பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்டார், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பேச்சு வேகத்தில் நீங்கள் நன்றாகப் பாடுவீர்கள் என்றும் சொல்லிவிட்டேன், கல்யாணத்தில் ஒன்று பாட வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவரிடம் என்ன சொல்லிச் சமாளிப்பது என்பதை நீங்கள் வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து யோசிப்போம்.

ஆக மச்சான், உங்கள் பெயர் இப்போது என்னிடம் இருக்கிறது. நல்லபடியாகத்தான் வைத்திருக்கிறேன், சம்பந்தி வீட்டில் அதற்கு நல்ல மரியாதை. ஆவணியில் நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.